வளரி திரும்பி வராது

புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் நடக்கும் இரவில், முருகன் வேடன் கோலத்தில் மேடை ஏறும்போது அவர் உடம்பில் வெல்வெட்டும் ஜிகினாவும் மின்னும். தினைப்புனத்துக்கு வந்த எந்த வேடனும் அப்படி உடுத்தியிருக்க மாட்டான் என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். யாரும் குறை சொல்வதில்லை. ஸ்பெஷல் நாடகத்துக்கு அதுதான் இலக்கணம். ஆனால் இன்னொரு வேட்டைக்காரரும் இப்போது நம் கண்ணில் படுகிறார். பள்ளி ஆண்டு விழாவில், சிலம்பக் களத்தில், ஊர்வல வண்டியில் நிற்கிறார். இடுப்பில் புலித்தோல் அச்சிட்ட துணி, கையில் பட்டறையில் வெட்டிப் பாலிஷ் போட்ட பிறைவடிவ இரும்பு. "இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணின் வீரர் இப்படித்தான் இருந்தார்" என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. நாடக வேடன் இப்படி எதையும் கோரவில்லை, இவர் கோருகிறார். வரலாற்றின் பெயரால் ஒன்றைக் காட்டினால் அதற்குச் சான்று கேட்கும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. புதுக்கோட்டைச் சீமை வேட்டைக்காரரின் கருவிகளையும் உடையையும் சான்றோடு சேர்த்துக் காட்டுவது இன்றும் முடியும், அப்படிக் காட்டுவதே அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

பழங்காலத்தை உடுத்திக் காட்டுவதை வெளிநாடுகளில் ஒரு துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எல்லைக்காட்டு வேட்டைக்காரர் வேடம் இதில் பெயர்பெற்றது. 1769-ல் கென்டக்கி காடுகளுக்குள் போன டேனியல் பூன் போன்றவர்களின் காலத்தை எடுத்துக்கொண்டு, சட்டை, மருந்துக் கொம்பு, தோல்பை, கத்தி என்று ஒவ்வொன்றையும் சேர்க்கிறார்கள். அதில் ஊன்றியவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு எளியது. முதலில் ஓர் ஆண்டு, ஓர் ஊர், ஒரு மனிதர் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு உடம்பில் ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று இடங்களில் சான்று தேட வேண்டும்: எஞ்சியிருக்கும் பொருள், அக்காலத்து ஓவியம், அக்காலத்து எழுத்து. சான்று இல்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டிக்குள் போய்விடும். அந்த நாட்டு உடையை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கு நமக்கும் உதவும். பூன் காட்டில் திரிந்த அதே தலைமுறையில்தான் தென்தமிழகத்தின் முள்காடுகளில் பாளையக்காரர் போர்கள் மூண்டன. நம் எல்லைக்காட்டு வேட்டைக்காரரும் அப்போது வாழ்ந்தார்.

ஆண்டை 1795 என்று வைத்துக்கொள்ளலாம். இடம் திருமயத்துக்குத் தெற்கே, தொண்டைமான் சீமையும் சிவகங்கைச் சீமையும் தொட்டுக்கொள்ளும் காடு. 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை அப்போது தொண்டைமான் கையில் இருந்தது. மேற்கே மதுரைப் பக்கம் கம்பெனிப் படை, தெற்கே மருது சகோதரர்கள், நடுவே கண்மாயும் கரடும் முள்ளும். நாம் காட்டப்போகிற மனிதர் அரண்மனைச் சேவகர் அல்லர். கொஞ்சம் வரகும் கம்பும் விதைத்து, ஊர்க்காவல் முறை வரும்போது இரவில் சுற்றி, அறுப்பு முடிந்த கோடையில் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் போகிறவர். இந்த மூன்றையும் முடிவு செய்த உடனே பாதி வேலை முடிந்துவிடும். புலித்தோல் போய்விடும், மார்புக் கவசம் போய்விடும், வெள்ளிப் பிடி போட்ட வாளும் போய்விடும். எந்த ஆண்டு என்று சொல்லாத வேடம் எல்லா நூற்றாண்டுகளையும் ஒன்றாக உடுத்திக்கொள்கிறது. நம் மேடைகளில் நடப்பது அதுதான்.

இனி வளரிக்கு வரலாம். இந்த வேடத்தின் உயிர் அதில் இருக்கிறது, தவறும் அதிகம் அதில்தான் நடக்கிறது. எறிந்து அடிக்கும் பிறைவடிவக் கருவி அது, வளைதடி என்றும் அதற்குப் பெயர். நாம் எடுத்துக்கொண்ட ஆண்டுக்கே ஒரு சாட்சி கிடைக்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1795-ல் மதுரைப் பக்கம் இருந்தபோது சின்ன மருதுவோடு பழகினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று 1830-ல் லண்டனில் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் இருந்தால் நூறு கஜத்துக்குள் எந்த இலக்கையும் தப்பாமல் அடிக்கும் என்பது அவர் கணக்கு. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, அதனால் அந்த நூறு கஜத்தைச் சற்றுத் தயங்கியே ஏற்க வேண்டும். ஆனால் மனிதரைப் பற்றிய சாட்சியம் உறுதியானது. 1801-ல் அதே மருதுவுக்கு எதிராகப் போரிட்ட படையில் இருந்தவர் அவர். எதிரியாகிப்போன ஒருவரைக் குருவாக ஒப்புக்கொள்ள அவருக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

வெல்ஷ் வீச்சைச் சொன்னார், அளவைச் சொல்லவில்லை. அளவு சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர். சிவகங்கைப் பக்கத்தில் வாங்கிய இரண்டு வளரிகள் அவரிடம் இருந்தன. பெரியதை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குவரை அளந்து எழுதிவைத்தார். வெளி வளைவு 24 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 61 சென்டிமீட்டர். இரு முனைகளுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பிடிக்கும் முனையில் இரண்டேகால் அங்குல நீளத்துக்கு ஒரு குமிழ். குமிழை அடுத்த கழுத்து மெலிந்தது. அங்கிருந்து மெல்ல மெல்ல அகன்று, மறுமுனையில் 2⅜ அங்குல அகலத்தில் சதுரமாக வெட்டி நிற்கிறது. அந்த முனைக்கு மூன்று நான்கு அங்குலம் முன்னால் கனம் ஓர் அங்குலம். புளியமர வேர் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கருஞ்சிவப்பு நிறம், மேலே வார்னிஷ், வேலைப்பாடு முரடு. இந்த அளவுகளை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டால் எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு தச்சர் கையில் கொடுத்தால் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய அளவுக்கு முழுமையான விவரம் இது. நூற்றாண்டுக்கு மேலாக நூலில் அச்சாகிக் கிடக்கிறது. இருந்தும் நம் மேடைகளில் சுழல்வது தகட்டில் வெட்டிய பிறை.

இரும்பு வளரி இருந்ததே என்று கேட்பவர் உண்டு. இருந்தது. அதற்கும் சான்று புதுக்கோட்டையிலிருந்தே வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் புதுக்கோட்டை திவான் எழுதி அனுப்பிய குறிப்பு இருக்கிறது. வளரி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தால் ஆனது, சில சமயம் இரும்பாலும் செய்வார்கள், ஒரு முனை மறுமுனையை விடக் கனம், வெளி விளிம்பு கூர்மை, லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி எறிவார்கள் என்கிறார் திவான். பெரும்பாலும் மரம், சில சமயம் இரும்பு: இந்த விகிதத்தைத்தான் நாம் தலைகீழாக்கிவிட்டோம். ஃபூட் பார்த்த மரத்தடியின் முனை சதுரமாக மழுங்கி நிற்கிறது, திவான் சொல்லும் வளரிக்கு விளிம்பு தீட்டியிருக்கிறது. இவை ஒன்றையொன்று மறுக்கும் சாட்சியங்கள் என்று நான் கருதவில்லை. முயலின் எலும்பை முறிக்க மழுங்கிய மரம் போதும். தோல் கிழியாது, மரத்தில் பட்டாலும் சேதமில்லை, தொலைந்தாலும் இன்னொன்று செய்துகொள்ளலாம். விலை கொடுத்து வாங்கிய இரும்பைப் புதருக்குள் எறிந்து தேடிக்கொண்டிருக்க எந்தக் குடியானவருக்கும் மனம் வராது. தஞ்சாவூர் அரசரின் ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தவை யானைத் தந்த வளரிகள். புதுக்கோட்டையிலிருந்து போனது மரத்தாலானது. தந்தம் அரண்மனையின் பெருமை. நம் வேட்டைக்காரர் கையில் இருக்க வேண்டியது புளியங்கட்டை.

எறிந்தால் திரும்பி வரும் என்பது அடுத்த கட்டுக்கதை. ஆஸ்திரேலியப் பூமராங்கோடு ஒப்பிட்டுப் பழகியதால் வந்த வினை இது. ஃபூட் 1883 மார்ச்சில் சிவகங்கை அருகே ஆண்களும் வளர்ந்த பையன்களும் கூட்டம் கூட்டமாகச் சில நாய்களோடு முயல்வேட்டைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தார். ஆண்டுக்கு ஒரு நாள் ஆண்கள் எல்லோரும் கலந்துகொள்ள வேண்டிய கடமை அது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். மாசியில் சிவராத்திரியை ஒட்டி நடந்துவந்த பாரிவேட்டையை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. முயல் புதரை விட்டுக் கிளம்பிய கணத்தில் வளரிகள் மழையாகப் பாய்ந்தன. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பும் சாயலைக் காட்டவில்லை என்று அவர் குறித்திருக்கிறார். வடிவத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். திரும்பி வரும் தடி லேசாக, இறக்கை போலச் சீவப்பட்டு, இரு கையும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் கனத்த தடி நேராகப் போய் அடிப்பதற்கென்றே பிறந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வேட்டைக்கு எடுத்துப்போன தடிகளிலும் பெரும்பாலானவை திரும்பாதவையே. அடித்த இடத்தில் நின்றுவிடுவது குறை என்று யார் சொன்னது? திரும்பி வரும் என்று சொல்லும்போது வளரியின் புகழைக் கூட்டுவதாக நினைக்கிறோம். உண்மையில், ஓடும் முயலின் வேகத்தையும் புதரின் இடைவெளியையும் கண நேரத்தில் கணித்து எறிந்த கையின் தேர்ச்சியை மறைத்துவிட்டு, பெருமையைத் தடிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஆயுதத்திலேயே கண் நின்றுபோவதால் நாம் தவறவிடுவது வேட்டையின் பெரும்பகுதி. முயலும் கவுதாரியும் பிடிபட்டது வலையிலும் கண்ணியிலும்தான் அதிகம். இந்த மாவட்டத்தில் வலையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட வலையர் சமூகம் இருப்பது அதற்குப் போதுமான சான்று. சணப்பு நாரில் முறுக்கிய கயிறு, கையால் போட்ட முடிச்சு, நட்டு வைக்க மூங்கில் குச்சிகள், துரத்திவர நாட்டு நாய். இவை மேடையில் ஒருபோதும் ஏறுவதில்லை, ஏனென்றால் இவற்றில் வீரம் தெரிவதில்லை. ஆனால் ஒரு வலையை விரித்துக் காட்டி, அது எந்தத் திசையில் நிற்க வேண்டும், முயல் தடத்தை எப்படி அறிய வேண்டும் என்று விளக்கினால் பார்ப்பவர் அறிந்துகொள்வது இரும்பைச் சுழற்றிக் காட்டுவதைவிடப் பல மடங்கு. நைலான் வலை மட்டும் கூடாது. அந்த இழை பிறந்ததே 1930-களில்.

உடைக்கு ஓவியச் சான்று உண்டு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் போர்க்காட்சிகளைக் காட்டுகின்றன. 1800-ஐ ஒட்டித் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த படங்களில் ஒவ்வொரு தொழில்காரரும் தம் கருவியோடும் மனைவியோடும் நிற்கிறார்கள். லண்டன் அருங்காட்சியகங்கள் பலவற்றைக் கணினியில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. உழைப்பாளிகளின் உடம்பில் தையல் துணி குறைவு. முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய முரட்டுக் கைத்தறி, தலையில் உருமால், தோளில் ஒரு துண்டு, அவ்வளவே. நிறத்தில்தான் கவனம் வேண்டும். அவுரியின் நீலம், இம்பூறல் என்ற சாயவேரின் சிவப்பு, காவி, வெளுக்காத நூலின் பழுப்பு: இவை சரி. முதல் செயற்கைச் சாயம் 1856-ல்தான் வந்தது, ஆகவே பளீரென்ற ரோஸும் ஊதாவும் நம் மனிதருக்கு எட்டாதவை. ஊக்கு 1849-ன் கண்டுபிடிப்பு. துணியை முடிந்துதான் கட்ட வேண்டும். ஜரிகைக் கரை வேண்டாம். முள்காட்டுக்குக் கையால் தைத்த ஆட்டுத்தோல் அல்லது மாட்டுத்தோல் செருப்பு, இல்லையென்றால் வெறுங்கால்.

இடுப்புச் சுருக்குப்பைக்குள் என்ன இருக்கும்? தீப்பெட்டி இராது. சக்கிமுக்கிக் கல்லும் இரும்புத் துண்டும், பொறி பிடிக்க இலவம் பஞ்சும் இருக்கும். வெற்றிலையும் புகையிலையும் இருக்கலாம். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த புகையிலையும் மிளகாயும் அதற்குள் இங்கே வேரூன்றிவிட்டன. தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. கஞ்சிக்கு மண்கலயம் அல்லது பனையோலைப் பட்டை. அலுமினியத் தூக்கு கூடாது; சென்னை கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கியதே 1898-ல். இந்தச் சின்னப் பொருள்கள்தான் வேடத்தைக் காட்டிக்கொடுக்கும் அல்லது காப்பாற்றும். நிற்கும் இடமும் அப்படித்தான். சீமைக் கருவேலம் இந்தியாவுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இன்று மாவட்டம் முழுக்க வரிசை கட்டி நிற்கும் தைலமரம் அதற்கும் பிந்தியது. 1795-ன் காட்டைப் பார்க்க வேண்டுமானால் வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் இன்னும் அடர்ந்திருக்கும் கோயில்காடுகளுக்குத்தான் போக வேண்டும். அவற்றில் பல இந்த மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இவ்வளவு கண்டிப்பு தேவையா, நம் மக்களைப் பற்றி எழுதியவர்களே வெள்ளைக்காரர்கள்தானே, அவர்கள் கண்ணால் ஏன் நம்மைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தர்ஸ்டனின் தொகுதிகளில் மனிதரைத் தரம் பிரிக்கும் பார்வை உண்டு. அதை ஏற்கவே கூடாது. ஆனால் அளவுகோல் காட்டிய 24 அங்குலத்தில் அந்தப் பார்வை இல்லை. புதுக்கோட்டைக் குறிப்பை எழுதியவரும் இந்தச் சமஸ்தானத்தின் திவான்தான். எழுத்தை நம்பாவிட்டாலும் பொருளை நம்பலாம். பொருள் இங்கே நம் வீடுகளில் இருக்கிறது. அயலார் எழுதியதைத் தள்ளிவிட்டு நாம் வைத்துக்கொண்டது நம் நினைவை அல்ல, சினிமாவின் நினைவை. பல பத்தாண்டுகளாகத் திரையும் அதற்கு முன் நாடகமும் தைத்துக் கொடுத்த உடையைத்தான் மரபு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வளரி இன்று சாதிப் பெருமையின் அடையாளமாகச் சுவரொட்டிகளில் ஏறிவிட்டது. அதைக் கையில் எடுக்கும் எந்த நிகழ்ச்சியும் அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றும் என்கிறார்கள். கவலை உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து, கருவியை ஒளித்துவைப்பது ஆகாது. பெருமை பேசுவோர் கையில் இருப்பது எந்த ஆண்டும் எந்த ஊரும் இல்லாத பளபளப்பான பிறை. அதை முயலடித்த புளியங்கட்டையாக, வலைக்கும் கலயத்துக்கும் சுரைக்குடுக்கைக்கும் நடுவே வைத்துக் காட்டும்போது அது ஓர் உழைப்பாளியின் கருவியாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. வலை முறுக்கியவர், செருப்புத் தைத்தவர், கலயம் வனைந்தவர், தறி நெய்தவர், இரும்படித்தவர் என்று எத்தனை சமூகத்தின் கைகள் ஒரு வேட்டைக்காரரின் உடம்பில் கூடியிருந்தன என்பதும் அப்போதுதான் தெரியும். முழுமையான வேடம் எந்த ஒரு சாதிக்கும் சொந்தமாக முடியாது.

உயிர்வதையைக் கொண்டாடலாமா என்பார் சிலர். கொண்டாடக் கூடாது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டையும் குற்றம். பாரிவேட்டை என்று சொன்னாலும் விதிவிலக்கு இல்லை. காட்டு விலங்கின் தோல், கொம்பு, பல் எதுவும் வேடத்தில் வரக் கூடாது. வைக்கோல் பொதி இலக்காக இருக்கட்டும். கூர்மையான இரும்பும் வேண்டாம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அல்லாமல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளுக்குள் வருகிறது. துப்பாக்கி அக்காலத்தில் புழங்கியது என்றாலும் இன்று அதை விட்டுவிடலாம். இழப்பு எதுவும் இல்லை, நம் மனிதரின் கருவி மரம்தான். செலவும் ஒரு தடையாகாது: புளியங்கட்டை, முரட்டுக் கைத்தறி, மண்கலயம், சணப்புக் கயிறு எல்லாம் சேர்த்தாலும் ஜிகினா உடை ஒன்றின் வாடகையோடு ஒப்பிடக்கூடிய தொகைதான். தேவைப்படுவது பொறுமை. ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையும் ஒரு சிலம்ப ஆசானும் ஒரு தச்சரும் சேர்ந்தால் ஓராண்டில் இதைச் செய்து முடிக்கலாம், 1910-லிருந்து இயங்கிவரும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகள் முன் நிறுத்தலாம்.

அதற்கு முன் நடக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது வீடுகளில் நடக்க வேண்டும். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்து அறிவிப்பு வெளியிட்டார். கம்பெனியின் நட்பு அரசாக இருந்த புதுக்கோட்டையில் பழைய ஆயுதங்கள் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். திவான் தம் குறிப்பில், வளரிகள் பூஜை அறைகளில் இருக்கின்றன, ஆயுத பூஜையன்று எடுத்துச் சுரண்டித் துடைத்து மறுபடி வைத்துவிடுகிறார்கள் என்று எழுதினார். அந்தச் சுரண்டலில் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மரமும், பிடியில் படிந்த கையின் தடமும், விளிம்பின் அசல் வடிவமும் போய்விடுகின்றன. உங்கள் வீட்டிலோ உங்கள் பங்காளி வீட்டிலோ அப்படி ஒன்று இருந்தால், வருகிற ஆயுத பூஜைக்கு அதைச் சுரண்டாதீர்கள். மெல்லிய துணியால் துடைத்து, வெளி வளைவையும் நேர்க்கோட்டுத் தூரத்தையும் இரு முனைகளின் அகலத்தையும் அளந்து, தராசில் எடை பார்த்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, எந்தத் தாத்தா வழியாக வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பொருள் உங்கள் பூஜை அறையிலேயே இருக்கட்டும். தாளின் ஒரு நகலை மட்டும் திருக்கோகர்ணத்தில் கொடுத்துவிடுங்கள்.